ஜிக் மொழி: நிறுவுவதிலிருந்து அடுத்த பதிப்புக்கு மாறுவது வரை, படிப்படியாக

ஜிக் (Zig) என்ற நிரல் மொழி இன்னும் 1.0-ஐத் தொடவில்லை. ஒவ்வொரு பெரிய வெளியீட்டிலும் ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் பெயர்கள் மாறும், ஃபங்ஷன் கேட்கும் விஷயங்கள் மாறும், பில்ட் கோப்பு எழுதும் விதமே மாறும். புதிதாக வருகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த வரையில், அவர்கள் முதல் வாரத்தில் மாட்டிக்கொள்வது பாயிண்டரில் அல்ல. கம்பைலர் ஒரு பதிப்பு, எடிட்டர் கருவி இன்னொரு பதிப்பு, பார்த்து எழுதும் உதாரணம் மூன்றாவது பதிப்பு என்று கிடப்பதில்தான் நாள் போகிறது. அதனால்தான் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யச் சொல்கிறேன்.

தேவையானவை மூன்றே: டெர்மினலில் ஃபோல்டர் மாறவும் கட்டளை ஓட்டவும் தெரிந்திருக்க வேண்டும், கிட் இருக்க வேண்டும், ஏதாவது ஒரு மொழியில் கொஞ்சம் நிரல் எழுதிய பழக்கம் வேண்டும். சி தெரிந்தால் நல்லது, கட்டாயமில்லை. கட்டளைகளையும் பெயர்களையும் உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். எல்லாமே 0.15.2 பதிப்பை வைத்து எழுதியது. நீங்கள் வேறு பதிப்பில் இருந்தால் விவரம் மாறலாம், வரிசை மாறாது.

1. முதலில் பதிப்பு எண்ணை முடிவு செய்யுங்கள்

எதையும் இறக்குவதற்கு முன்னால் ஒரு எண்ணைத் தேர்ந்தெடுத்து எழுதி வையுங்கள். ஜிக்கின் தளத்தில் இரண்டு வகை இருக்கும்: எண் போட்டு வெளியிட்ட பதிப்பு ஒன்று, மாஸ்டர் என்ற பெயரில் அடிக்கடி மாறிக்கொண்டே இருக்கும் வளர்ச்சிப் பதிப்பு இன்னொன்று. புதியவர்கள் எண் போட்டதையே எடுக்க வேண்டும். காரணம், எடிட்டர் கருவியும் பெரும்பாலான லைப்ரரிகளும் எண் போட்ட பதிப்புக்குத்தான் தங்கள் வெளியீட்டைப் பொருத்துகின்றன. மாஸ்டரில் இருந்தால் நேற்று ஓடியது இன்று ஓடாது, தப்பு உங்கள் நிரலிலா மொழியிலா என்று பிரித்துப் பார்க்கும் அனுபவமும் இன்னும் வந்திருக்காது.

ஏற்கெனவே ஒரு லைப்ரரியைப் பயன்படுத்துவது என்று முடிவு செய்திருந்தால் கணக்கு தலைகீழாகும். அந்த லைப்ரரி எந்தப் பதிப்பில் கம்பைல் ஆகிறதோ அதுதான் உங்கள் எண். மொழியை முதலில் நிறுவிவிட்டு அப்புறம் லைப்ரரி தேடினால் இரண்டில் ஒன்றை மாற்ற வேண்டி வரும்.

2. நிறுவுதல்: ஃபோல்டரைப் பிரிக்காதீர்கள்

தளத்திலிருந்து சுருக்கிய கோப்பை இறக்கி, பதிப்பு எண்ணோடு பெயர் வைத்த ஒரு ஃபோல்டரில் விரித்து, அந்த ஃபோல்டரைப் பாத்தில் (டெர்மினல் கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) சேருங்கள். அவ்வளவுதான் நிறுவல்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, உள்ளே இருக்கும் "ஜிக்" என்ற ஒற்றைக் கோப்பை மட்டும் எடுத்துப் பொதுவான பின் ஃபோல்டரில் போடுவது. வேறு பல கருவிகளுக்கு இது சரியாக வரும், ஜிக்குக்கு வராது. பக்கத்தில் இருக்கும் "லிப்" ஃபோல்டரில்தான் ஸ்டாண்டர்ட் லைப்ரரி முழுவதும் மூல நிரலாக இருக்கிறது, உங்கள் நிரலைக் கம்பைல் செய்யும்போது அதையும் சேர்த்தே கம்பைல் செய்கிறது. தனியாகப் பிரித்துவிட்டால் கம்பைல் செய்யப் போகும்போது நிறுவல் ஃபோல்டரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல்லிவிடும். பொது இடத்தில் பெயர் தெரிய வேண்டுமென்றால் கோப்பை நகர்த்தாமல், அதைச் சுட்டிக்காட்டும் ஒரு சிம்லிங்க் போடுங்கள்.

சிஸ்டத்தின் பேக்கேஜ் மேனேஜர் வழியாக நிறுவலாமா என்று கேட்பார்கள். ஓடும். ஆனால் சிலவற்றில் பழைய பதிப்பு இருக்கும், சிலவற்றில் சிஸ்டத்தை அப்டேட் செய்யும்போது உங்களைக் கேட்காமல் ஜிக்கும் ஒரு பதிப்பு தாண்டிவிடும். முதல் அத்தியாயத்தில் எழுதி வைத்த எண் உங்கள் கையை விட்டுப் போகக் கூடாது என்பதால் நான் ஃபோல்டர் முறையையே சொல்கிறேன். பல பதிப்புகள் வேண்டியிருந்தால் ஜிக்அப், இசட்விஎம் மாதிரி மாற்றிக்கொடுக்கும் கருவிகள் உண்டு.

முடிந்ததும் "ஜிக் வெர்ஷன்" என்று தட்டுங்கள். எழுதி வைத்த எண்ணும் திரையில் வரும் எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். இதைச் செய்யாமல் அடுத்ததற்குப் போகாதீர்கள், ஏனென்றால் கணினியில் முன்பே ஒரு பழைய ஜிக் எங்காவது இருந்து, பாத்தில் அது முன்னால் வந்து நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

3. காலி புராஜெக்டை டெர்மினலில் ஓட்டுங்கள், எடிட்டரைத் திறப்பதற்கு முன்

ஒரு புது ஃபோல்டர் செய்து உள்ளே போய் "ஜிக் இனிட்" கொடுங்கள். நான்கு கோப்புகள் வரும்: பில்ட் டாட் ஜிக், பில்ட் டாட் ஜிக் டாட் ஜான், அப்புறம் சோர்ஸ் ஃபோல்டரில் மெயின் ஒன்று, ரூட் ஒன்று. எதையும் மாற்றாமல் "ஜிக் பில்ட் ரன்" ஓட்டுங்கள். இரண்டு வரி வர வேண்டும். பிறகு "ஜிக் பில்ட் டெஸ்ட்".

ஏன் எடிட்டருக்கு முன்னால்? எடிட்டரில் சிவப்புக் கோடு வரும்போது யாரை நம்புவது என்று தெரிய வேண்டும். டெர்மினலில் ஓடியதை ஏற்கெனவே பார்த்திருந்தால், பிரச்சினை எடிட்டர் பக்கம் என்று உடனே புரிந்துவிடும்.

ஓடியதும் கிட்டில் முதல் கமிட் போடுங்கள். ".ஜிக்-கேஷ்", "ஜிக்-அவுட்" இரண்டையும் கிட்இக்னோரில் சேர்த்துவிடுங்கள், அவை எப்போது வேண்டுமானாலும் மறுபடி உருவாகும்.

பில்ட் டாட் ஜிக் டாட் ஜான் என்பதை இனி ஜான் கோப்பு என்கிறேன், பேக்கேஜின் விவரங்கள் அதில் இருக்கும். அதில் "ஃபிங்கர்பிரின்ட்" என்று ஒரு நீளமான எண் இருக்கும். அது உங்கள் பேக்கேஜின் அடையாளம், உருவானபோது ஒருமுறை வந்தது அப்படியே இருக்கட்டும். வேறொரு புராஜெக்டின் ஜான் கோப்பை அப்படியே நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றினால் கம்பைலர் ஏற்காது, அந்த எண்ணுக்குள் பெயரின் சரிபார்ப்பும் ஒளிந்திருக்கிறது. நகலெடுத்துவிட்டீர்கள் என்றால் அந்த வரியை நீக்கிவிட்டு பில்ட் செய்யுங்கள், எந்த எண்ணைப் போட வேண்டும் என்று பிழைச்செய்தியே சொல்லும்.

4. எடிட்டர் கருவி: அதே எண், வேறு எண் கூடாது

எடிட்டருக்குப் பிழைகளையும் பரிந்துரைகளையும் தரும் கருவிக்கு லாங்குவேஜ் சர்வர் என்று பெயர், ஜிக்குக்கான அதன் பெயர் இசட்எல்எஸ். இது ஜிக் கம்பைலரோடு சேர்ந்து வருவதில்லை, தனிப் புராஜெக்ட். 0.15 ஜிக்குக்கு 0.15 இசட்எல்எஸ், 0.14-க்கு 0.14. எடிட்டரின் எக்ஸ்டென்ஷன் தானாக ஒன்றை இறக்கிக்கொள்ளலாம், அது எந்தப் பதிப்பை இறக்கியது, எந்த ஜிக்கைப் பயன்படுத்துகிறது என்று அமைப்புகளில் போய்ப் பாருங்கள். பொருந்தாவிட்டால் வரும் அறிகுறிகள் குழப்பும்: டெர்மினலில் ஓடும் நிரலில் சிவப்பு வரும், அல்லது புள்ளி வைத்ததும் வர வேண்டிய பரிந்துரைகள் வரவே வராது.

இன்னொன்று புதியவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. இசட்எல்எஸ் கம்பைலர் செய்யும் முழு ஆய்வையும் செய்வதில்லை. டைப் பொருந்தாத பிழைகள் பலவற்றை அது தானாகக் காட்டாது. "எடிட்டரில் சிவப்பே இல்லையே, ஓட்டினால் ஏன் ஆறு பிழை?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். இதைச் சரிசெய்ய பில்ட் கோப்பில் "செக்" என்ற பெயரில் ஒரு ஸ்டெப் சேருங்கள். அது நிரலைக் கம்பைல் செய்ய வேண்டும், ஆனால் நிறுவக் கூடாது. பிறகு இசட்எல்எஸ்ஸில் சேமிக்கும்போதே பில்ட் செய்யும் வசதியை இயக்குங்கள். அதற்கப்புறம் சேமித்ததும் கம்பைலரின் உண்மையான பிழைகள் எடிட்டரிலேயே தெரியும். பத்து நிமிட வேலை, தினமும் பலன் தரும்.

5. திரையில் ஒரு வரி அச்சிடுவது

இதற்குத் தனி அத்தியாயம் எதற்கு என்று தோன்றும். 0.15-இல் புதியவர்கள் முதலில் நின்றுபோகும் இடம் இதுவே.

இரண்டு வழி இருக்கிறது. "எஸ்டிடி டாட் டீபக் டாட் பிரின்ட்" எளிது, எங்கிருந்தும் கூப்பிடலாம், ஆனால் அது ஸ்டான்டர்ட் எர்ரர் பக்கம் எழுதுகிறது. நிரலின் வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டு, கோப்பு காலியாக இருக்கிறதே என்று திகைப்பவர்கள் இதைத்தான் பயன்படுத்தியிருப்பார்கள். சோதித்துப் பார்க்க இது போதும், நிரலின் உண்மையான வெளியீட்டுக்கு வேண்டாம்.

இரண்டாவது வழி ஸ்டான்டர்ட் அவுட். 0.15-இல் ரீடர், ரைட்டர் இரண்டும் முழுவதும் மாற்றி எழுதப்பட்டன. இப்போது பஃபரை, அதாவது எழுதுவதைத் தற்காலிகமாகச் சேர்த்து வைக்கும் இடத்தை, நீங்களே கொடுக்க வேண்டும். வரிசை இது: 1024 பைட் அளவில் ஒரு ஆரே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முகவரியைக் கொடுத்து எஸ்டிடி அவுட்டின் ரைட்டரை ஒரு மாறியில் வாங்குங்கள். அந்த ரைட்டருக்குள் "இன்டர்ஃபேஸ்" என்று ஒரு உறுப்பு இருக்கும், அதன் முகவரியை இன்னொரு பெயரில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் பிரின்ட் கூப்பிடுங்கள். கடைசியில், பஃபரில் இருப்பதை வெளியே அனுப்பும் ஃப்ளஷ் கூப்பிடுங்கள்.

ஃப்ளஷை விட்டுவிட்டால் என்ன ஆகும்? நிரல் பிழையில்லாமல் கம்பைல் ஆகும், ஓடும், முடியும், திரையில் ஒன்றும் வராது. எழுதியது பஃபரிலேயே தங்கி, நிரல் முடிந்ததும் அதோடு போய்விடும். ஒருவர் இந்தக் காலித் திரையைப் பார்த்துக்கொண்டு கம்பைலரை இரண்டு முறை நீக்கி நிறுவினார். விடுபட்டது ஒரே வரி.

இரண்டாவது தவறு இன்னும் நுணுக்கமானது. இன்டர்ஃபேஸின் முகவரியை எடுக்காமல், அதாவது முன்னால் & குறி போடாமல், அப்படியே ஒரு மாறியில் நகலெடுத்துவிடுவார்கள். இந்த இன்டர்ஃபேஸ் தன்னைச் சுற்றியுள்ள ரைட்டரைத் தன் சொந்த முகவரியிலிருந்து கணக்கிட்டுத்தான் கண்டுபிடிக்கிறது. நகல் வேறு முகவரியில் இருப்பதால் அங்கே ரைட்டர் இல்லை, கிடைத்த எதையோ ரைட்டர் என்று எடுத்துக்கொள்ளும். விளைவு கிராஷ், அல்லது குப்பை. "ஜிக் இனிட்" உருவாக்கும் ரூட் கோப்பில் இந்த முறை சரியாக எழுதியிருக்கிறது, ஃப்ளஷை மறக்காதே என்ற குறிப்போடு. சந்தேகம் வந்தால் அதைத் திறந்து பாருங்கள்.

6. உதாரணங்களின் வயதைப் பார்த்தவுடன் கண்டுபிடியுங்கள்

தேடிக் கிடைக்கும் உதாரணங்களில் பாதிக்கு மேல் உங்கள் பதிப்புக்கு ஓடாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஏஐ உதவியாளர்கள் எழுதிக்கொடுப்பதும் அப்படித்தான், பல பதிப்புகளின் பழக்கங்கள் ஒரே நிரலில் கலந்து வரும். நகலெடுப்பதற்கு முன் சில அடையாளங்களைப் பாருங்கள்.

"கெட் எஸ்டிடி அவுட்" என்று இருந்தால் 0.15-க்கு முந்தையது. ஆரேலிஸ்டை (நீளம் வளரும் பட்டியல்) இனிட் என்று கூப்பிட்டு, மெமரி வாங்கித் தரும் அலோகேட்டரை அங்கேயே கொடுத்திருந்தால் அதுவும் அப்படியே. இப்போது ஆரேலிஸ்ட் அலோகேட்டரைத் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை, காலியாகத் தொடங்கி, அப்பெண்ட் செய்யும் ஒவ்வொரு முறையும் நீங்கள் கொடுக்க வேண்டும். பில்ட் கோப்பில் ஆட் எக்ஸிகியூட்டபிளுக்குள் நேரடியாக ரூட் சோர்ஸ் ஃபைல் கொடுத்திருந்தால் 0.14 அல்லது அதற்கு முன். இப்போது கிரியேட் மாட்யூல் வழியாக ரூட் மாட்யூலாகக் கொடுக்க வேண்டும். "இன்ட்காஸ்ட்" பில்ட்-இன்னுக்கு டைப், மதிப்பு என்று இரண்டு கொடுத்திருந்தால் 0.11-க்கு முந்தையது. "இனிட்-எக்ஸ்ஈ" என்ற கட்டளை 0.12-க்கு முந்தையது. அசிங்க், அவெய்ட் என்ற சொற்களைப் பார்த்தால் நேரத்தை வீணாக்காமல் அடுத்ததற்குப் போங்கள்: 0.11-இலேயே அவை வேலை செய்யவில்லை, 0.15-இல் மொழியை விட்டே எடுத்துவிட்டார்கள்.

சரி, பிறகு எதை நம்புவது? உங்கள் கணினியில் இருக்கும் ஸ்டாண்டர்ட் லைப்ரரியின் மூல நிரலை. "ஜிக் என்வ்" கட்டளை அது எங்கே இருக்கிறது என்று காட்டும், "ஜிக் எஸ்டிடி" கட்டளை அதன் ஆவணத்தை உலாவியில் திறக்கும். இவை உங்கள் பதிப்போடு வந்தவை, அதனால் பொருந்தாமல் போக வழியில்லை. அதிலும் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் கீழே இருக்கும் டெஸ்டுகள் மிக நல்ல உதாரணங்கள், வெளியீட்டுக்கு முன் ஓட்டிப் பார்த்தவை. புதியவர்கள் லைப்ரரி நிரலைத் திறக்கப் பயப்படுவார்கள். ஜிக்கில் அந்தப் பயம் தேவையில்லை, நீங்கள் எழுதும் அதே மொழிதான், மறைவான மேக்ரோக்கள் இல்லை.

7. பிழைச்செய்தியை மேலிருந்து படியுங்கள்

"ஜிக் பில்ட்" தோற்கும்போது திரையின் கடைசியில் கம்பைலரை எப்படிக் கூப்பிட்டது என்று ஒரு நீண்ட கட்டளை அச்சாகும். டெர்மினல் அங்கேதான் நிற்கும், கண்ணும் அங்கேதான் போகும். அது பிழை அல்ல. மேலே சுருட்டிப் போய் முதல் பிழையைத் தேடுங்கள், கோப்பின் பெயர், வரி எண், நெடுவரிசை எண்ணோடு இருக்கும். அதன் கீழே "நோட்" என்று வருபவற்றையும் விடாதீர்கள், எந்த டைப் எங்கே வரையறுக்கப்பட்டது, யார் இந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டது என்பது அதில்தான் இருக்கும்.

முதல் பிழையை மட்டும் சரிசெய்து மறுபடி ஓட்டுங்கள்.

பயன்படுத்தாத மாறி ஜிக்கில் எச்சரிக்கை அல்ல, பிழை. மதிப்பு மாறாத ஒன்றை வார் என்று அறிவித்தாலும் பிழை. பாதி எழுதிய நிரலை ஓட்டிப் பார்க்கும்போது இது எரிச்சலூட்டும். தற்காலிகமாக "_ =" போட்டுத் தாண்டலாம். ஆனால் எடிட்டர் தானாக அப்படிப் போடும் வசதியை நான் புதியவர்களுக்கு அணைத்து வைக்கச் சொல்கிறேன். ஒரு மாறியைப் பயன்படுத்த மறந்ததே உங்கள் உண்மையான தவறாக இருக்கும்போது அந்த வசதி அதை மூடிவிடும்.

8. மெமரி: யாருடையது என்று எழுதும்போதே முடிவு செய்யுங்கள்

அலோகேட்டரை மெயினில் ஒருமுறை உருவாக்கி, தேவைப்படும் ஃபங்ஷன்களுக்குக் கையில் கொடுத்து அனுப்புங்கள். கற்கும் காலத்தில் டீபக் அலோகேட்டரையே வைத்துக்கொள்ளுங்கள் (0.14-க்கு முன் இதன் பெயர் ஜெனரல் பர்பஸ் அலோகேட்டர், பழைய உதாரணங்களில் அப்படித்தான் இருக்கும்). நிரல் முடியும்போது டிஇனிட் கூப்பிட்டால், விடுவிக்காத ஒவ்வொன்றும் எந்த வரியில் வாங்கப்பட்டது என்று காட்டும். எதையாவது வாங்கிய வரிக்கு அடுத்த வரியிலேயே டிஃபர் (அந்தப் பகுதியை விட்டு வெளியேறும்போது ஓடும் வரி) போட்டு விடுவிப்பதை எழுதிவிடுங்கள். அப்புறம் எழுதலாம் என்று விட்டால், நடுவில் ஒரு ட்ரை தோற்று வெளியேறும் பாதையில் அது விடுபட்டுப் போகும்.

புதியவர்கள் அதிகம் செய்யும் தவறை அருகில் வைத்துப் பார்ப்போம். முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டையும் சேர்த்து முழுப்பெயரைத் திருப்பித் தரும் ஒரு ஃபங்ஷன். உள்ளே 64 பைட் ஆரே ஒன்று, அதில் பஃப்பிரின்ட் வைத்துப் பெயரை எழுதி, வந்த ஸ்லைஸைத் திருப்பிக் கொடுக்கிறது. கம்பைல் ஆகிறது. கூப்பிட்டவுடன் நீளத்தைப் பார்த்தால் சரியாக இருக்கிறது. அச்சிட்டால் சில நேரம் பெயர் வருகிறது, சில நேரம் கேள்விக்குறிகள் வருகின்றன.

நடந்தது இதுதான். அந்த ஆரே ஃபங்ஷனின் ஸ்டாக்கில் இருந்தது, ஃபங்ஷன் முடிந்ததும் அந்த இடம் யாருக்கும் சொந்தமில்லை. அடுத்துக் கூப்பிட்ட ஃபங்ஷன் அதே இடத்தில் தன் பஃபரைப் போட்டது. ஸ்லைஸ் என்பது முகவரியும் நீளமும் மட்டுமே, எழுத்துகளை அது சுமந்து வருவதில்லை. நீளம் சரியாக இருந்ததும் உள்ளே குப்பை இருந்ததும் இதனால்தான்.

தீர்வு இரண்டு. பஃபரைக் கூப்பிடுபவரே கொடுக்கட்டும், ஃபங்ஷன் அதில் எழுதட்டும். அல்லது அலோகேட்டரை வாங்கிக்கொண்டு அலாக்பிரின்ட் செய்து திருப்பித் தரட்டும், விடுவிப்பது கூப்பிட்டவரின் பொறுப்பு என்று மேலே ஒரு வரி குறிப்பு எழுதுங்கள். அளவு முன்பே தெரிந்தால் முதல் வழி, தெரியாவிட்டால் இரண்டாவது.

குப்பையை அடையாளம் காண ஒரு குறிப்பு. டீபக் பில்டில் ஜிக் வரையறுக்காத மெமரியை ஹெக்ஸ் ஏஏ என்ற பைட்டால் நிரப்புகிறது, அலோகேட்டர் வழியாக விடுவித்த இடத்தையும் அப்படியே. ஆக, ஒரு பைட்டில் 170, 32 பிட் முழு எண்ணில் -1431655766, குறியற்றதில் 2863311530 என்று ஏதாவது தென்பட்டால் கணக்குத் தவறு என்று தேடாதீர்கள். மதிப்பு வைக்காமல் படித்திருக்கிறீர்கள், அல்லது விடுவித்த பிறகு படித்திருக்கிறீர்கள்.

9. கம்பைல் ஆகிவிட்டது என்பதை முழுதாக நம்பாதீர்கள்

ஜிக் யாராவது கூப்பிடும் ஃபங்ஷனைத்தான் முழுமையாக ஆராயும். யாரும் கூப்பிடாத ஃபங்ஷனுக்குள் முழு எண்ணை ஸ்ட்ரிங்காகக் கொடுத்திருந்தாலும் கம்பைலர் ஒன்றும் சொல்லாது. அறிவிக்காத பெயர், பயன்படுத்தாத மாறி மாதிரியானவை கோப்பைப் படிக்கும்போதே பிடிபடும், டைப் பிழைகள் பிடிபடாது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் தெரியாததால், ஒரு நாள் முழுவதும் உதவி ஃபங்ஷன்களாக எழுதிக் குவித்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று நிம்மதியாகி, மாலையில் மெயினிலிருந்து முதல் அழைப்பை எழுதியதும் பிழைகள் வரிசையாகக் கொட்டும்.

எனவே ஒரு ஃபங்ஷன் எழுதியதும் அதன் கீழேயே ஒரு சின்ன டெஸ்டில் அதைக் கூப்பிட்டுவிடுங்கள். வேறு ஆபரேட்டிங் சிஸ்டத்துக்காக எழுதிய பகுதிகளுக்கும் இதே நிலைதான், லினக்ஸில் பில்ட் செய்யும்போது விண்டோஸ் கிளை ஆராயப்படாது. நல்லவேளை, டார்கெட்டை, அதாவது எந்த சிஸ்டத்துக்கான பில்ட் என்பதை, மட்டும் மாற்றிக் கொடுத்தால் ஜிக் எந்தக் கணினியிலிருந்தும் மற்றதற்குக் கம்பைல் செய்யும், வேறு எதையும் நிறுவ வேண்டியதில்லை. நிரல் பல இடங்களில் ஓட வேண்டுமென்றால் அந்த டார்கெட்களை அவ்வப்போது பில்ட் செய்து பாருங்கள்.

10. டெஸ்ட் ஓடியதா என்று உறுதி செய்யுங்கள்

"ஜிக் பில்ட் டெஸ்ட்" வெற்றி பெற்றால் ஒன்றுமே அச்சாகாது. எத்தனை ஓடின என்று பார்க்க "சம்மரி ஆல்" என்ற விருப்பத்தைச் சேர்த்து ஓட்டுங்கள். எதுவும் மாறாதபோது மறுபடி ஓட்டாமல் கேஷிலிருந்து எடுத்ததையும் அது சொல்லும்.

எண்ணிக்கை நீங்கள் எழுதியதைவிடக் குறைவாக இருந்தால் காரணம் ஒன்பதாவது அத்தியாயத்தில் சொன்னதுதான். வேறொரு கோப்பில் இருக்கும் டெஸ்டுகள், அந்தக் கோப்பை ரூட்டிலிருந்து யாராவது தொட்டால்தான் சேரும். ரூட் கோப்பில் பெயரில்லாத ஒரு டெஸ்ட் பிளாக் போட்டு, ஒவ்வொரு கோப்பையும் அதில் இம்போர்ட் செய்து "_ =" என்று ஒதுக்குங்கள்.

டெஸ்டில் "எஸ்டிடி டாட் டெஸ்டிங் டாட் அலோகேட்டர்" மட்டும் பயன்படுத்துங்கள். மெமரி கசிந்தால் டெஸ்டே தோற்கும், கசிவைத் தனியாகத் தேட வேண்டியதில்லை.

11. வெளி லைப்ரரி சேர்ப்பது: மூன்று பெயர்கள், மூன்று இடங்கள்

சேர்ப்பதற்கு முன் லைப்ரரியின் ஜான் கோப்பைத் திறந்து "மினிமம் ஜிக் வெர்ஷன்" என்ன என்று பாருங்கள். அது ஒரு குறிப்பு மட்டுமே, கம்பைலர் அதை வைத்துத் தடுப்பதில்லை, அதனால் பார்ப்பது உங்கள் வேலை. மெயின் கிளை அடுத்த பதிப்புக்கு நகர்ந்திருந்தால் உங்கள் பதிப்புக்கான டேக் அல்லது கிளை இருக்கிறதா என்று தேடுங்கள்.

பிறகு "ஜிக் ஃபெட்ச்" கட்டளையை "சேவ்" விருப்பத்தோடு, லைப்ரரியின் முகவரியைக் கொடுத்து ஓட்டுங்கள். முகவரியும் ஹேஷும் (உள்ளடக்கத்தைச் சரிபார்க்கும் குறியீடு) ஜான் கோப்பில் தானாக எழுதப்படும். ஹேஷைக் கையால் எழுதவோ திருத்தவோ வேண்டாம். பொருந்தவில்லை என்று பிழை வந்தால் உள்ளடக்கம் மாறியிருக்கிறது என்று பொருள், மறுபடி ஃபெட்ச் செய்யுங்கள். கிட் முகவரி கொடுத்தால் அந்த நேரத்துக் கமிட்டோடு அது பூட்டப்படும்.

இதோடு முடிந்தது என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். ஜான் கோப்பில் சேர்த்தால் லைப்ரரி இறங்கும், உங்கள் நிரலுக்குத் தெரியாது. பில்ட் கோப்பில் மூன்று வேலை பாக்கி: டிபெண்டன்சியைக் கூப்பிட வேண்டும், அதிலிருந்து மாட்யூலை எடுக்க வேண்டும், உங்கள் ரூட் மாட்யூலில் ஆட் இம்போர்ட் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அந்தப் பெயரில் மாட்யூல் கிடைக்கவில்லை என்ற பிழை வரும்.

இங்கே மூன்று பெயர்கள் கலந்துவிடுகின்றன. டிபெண்டன்சி என்று கூப்பிடும்போது கொடுப்பது உங்கள் ஜான் கோப்பில் இருக்கும் பெயர். மாட்யூல் என்று எடுக்கும்போது கொடுப்பது லைப்ரரி ஆசிரியர் தன் பில்ட் கோப்பில் ஆட் மாட்யூலில் வைத்த பெயர். ஆட் இம்போர்ட்டில் கொடுப்பது உங்கள் நிரலில் நீங்கள் இம்போர்ட் செய்யப்போகும் பெயர், அது உங்கள் இஷ்டம். மூன்றும் ஒரே சொல்லாக இருக்கும் லைப்ரரியில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது, ஒன்று மாறினாலும் சிக்கும். தெரியாவிட்டால் லைப்ரரியின் பில்ட் கோப்பைத் திறந்து ஆட் மாட்யூல் வரியைப் படியுங்கள், ஊகிக்க வேண்டாம்.

டார்கெட், ஆப்டிமைஸ் இரண்டையும் டிபெண்டன்சிக்குக் கடத்துங்கள். இல்லையென்றால் உங்கள் நிரல் ஒரு டார்கெட்டுக்கும் லைப்ரரி வேறொன்றுக்கும் தயாராகலாம்.

நீங்களே லைப்ரரி வெளியிடுகிறீர்களா? ஜான் கோப்பில் "பாத்ஸ்" பட்டியலைக் கவனியுங்கள். அதில் இல்லாத கோப்பு மற்றவர்களுக்குப் போகாது. உங்கள் கணினியில் எல்லாக் கோப்புகளும் இருப்பதால் உங்களுக்கு ஓடும், பயன்படுத்துகிறவருக்குக் கோப்பு இல்லை என்று வரும். வெளியிடும் முன் வேறொரு காலி புராஜெக்டிலிருந்து ஃபெட்ச் செய்து பார்ப்பது ஒன்றே வழி.

12. மற்றவர்களுக்குக் கொடுக்கும் பில்ட்

பில்ட் முறைகளில் ரிலீஸ்ஃபாஸ்ட் என்ற பெயரைப் பார்த்ததும் அதையே எடுப்பார்கள். அதில் ஆரே எல்லை மீறல், முழு எண் நிரம்பி வழிதல் போன்ற சோதனைகள் கிடையாது. டீபக்கில் நின்று காட்டிய தவறு அங்கே எதையும் செய்யலாம். ரிலீஸ்சேஃப் ஆப்டிமைசும் செய்யும், சோதனைகளையும் வைத்திருக்கும். அளந்து பார்த்து வேகம் போதவில்லை என்று தெரிந்தால் மட்டும் மாறுங்கள்.

13. அடுத்த பதிப்புக்கு மாறுவது

புதிய பதிப்பு வந்த அன்றே மாறாதீர்கள். நீங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு லைப்ரரியும் இசட்எல்எஸ்ஸும் அந்தப் பதிப்புக்கு வந்துவிட்டனவா என்று முதலில் பாருங்கள். ஜிக்கின் மூல நிரல் 2025 நவம்பரில் கிட்ஹப்பிலிருந்து கோட்பெர்க் என்ற தளத்துக்கு இடம் மாறியது, பழைய சுட்டிகளைப் பிடித்துப் போனால் நின்றுபோன நிலவரத்தைத்தான் படிப்பீர்கள்.

தொடங்குவதற்கு முன் பழைய பதிப்பில் எல்லா டெஸ்டும் ஓடி, கமிட் ஆகியிருக்க வேண்டும். தனிக் கிளை எடுங்கள். வெளியீட்டுக் குறிப்பை முழுதாகப் படியுங்கள். நீளமாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பழையது இப்படி, புதியது இப்படி என்று நிரலோடு காட்டுவது அங்கேதான். புதிய பதிப்பைப் பழையதற்குப் பக்கத்தில் வேறு ஃபோல்டரில் வையுங்கள், பழையதை அழிக்காதீர்கள்.

சரிசெய்யும் வரிசை: முதலில் பில்ட் கோப்பு, ஏனென்றால் அதுவே ஒரு ஜிக் நிரல், அது கம்பைல் ஆகாமல் வேறு எதுவும் தொடங்காது. இரண்டாவது லைப்ரரிகள், ஒவ்வொன்றாக மறுபடி ஃபெட்ச் செய்து. மூன்றாவது உங்கள் நிரல். அதிலும் முதலில் "ஜிக் எஃப்எம்டி" ஓட்டுங்கள், மொழியின் சில தொடரியல் மாற்றங்களை அதுவே எழுதிக் கொடுத்திருக்கிறது. எல்லாம் ஓடிய பிறகு கடைசியாக இசட்எல்எஸ்.

இரண்டு பதிப்புகளை ஒரே தாவலில் தாண்டாதீர்கள். ஜிக்கில் ஒரு பெயர் பெரும்பாலும் ஒரே அடியில் மறைவதில்லை. ஒரு பதிப்பில் வழக்கொழிந்தது என்று குறித்து, பழையதும் ஓடும்படி வைத்து, புதிய பெயரைச் சொல்லி, அடுத்த பதிப்பில்தான் நீக்குவார்கள். ஆட் எக்ஸிகியூட்டபிளின் ரூட் சோர்ஸ் ஃபைல் 0.14-இல் அப்படிக் குறிக்கப்பட்டு 0.15-இல் போனது. 0.13-இலிருந்து நேராக 0.15-க்கு வந்தவருக்கு, அப்படி ஒரு உறுப்பே இல்லை என்ற வெறும் பிழைதான் கிடைக்கும். 0.14-இல் நின்று வந்தவர், பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே பில்ட் கோப்பைக் கிரியேட் மாட்யூலுக்கு மாற்றி, டெஸ்ட் ஓட்டி, கமிட் போட்டுவிட்டு 0.15-க்குப் போகலாம்.